நூறு டாலர் நோட்டுக்காரரும் 60 அட்டைகளும்

அமெரிக்க அச்சுத்தொழிலாளரும் அறிவியலாளரும் அரசியல் தலைவருமான பெஞ்சமின் பிராங்க்ளினின் வாழ்க்கையை வினாவும் விடையுமாகச் சொல்லித் தரும் அட்டைப் பெட்டி ஒன்று கும்பகோணம், தஞ்சாவூர்ப் புத்தகக் கடைகளில் இப்போது கிடைக்கிறது. 60 அட்டைகள், 48 பக்கக் கையேடு, சுவரில் மாட்டுவதற்கான காலவரிசைப் படம் மூன்றும் சேர்த்து 320 ரூபாய். பாபநாசம் வட்டத்தில் உள்ள எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் ஞாயிறுதோறும் கூடும் மாணவர்களை வினாடி வினாப் போட்டிகளுக்குத் தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், நூலகத்துக்காக ஒரு பெட்டி வாங்கி அட்டை அட்டையாகப் பார்த்தேன். கொடுத்த விலைக்குத் தகுந்த பொருள்தான். ஆனால் ஒரு வரலாற்று மனிதரைப் பற்றி உறுதியாகத் தெரிந்த செய்தி, ஓரளவே தெரிந்த செய்தி, யாரோ கட்டிவிட்ட செய்தி ஆகிய எல்லாவற்றையும் ஒரே மையில், ஒரே அளவு எழுத்தில், ஒரே வரி விடையாக அச்சிட்டிருப்பது இதன் பெருங்குறை. பதிப்பாளரின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இதே பிழைகள் எத்தனையோ பொது அறிவு நூல்களில் வழிவழியாக வந்துகொண்டிருக்கின்றன என்பதால், ஒருவரை மட்டும் நிறுத்தி வைத்துக் கேட்பது நியாயமாகாது.

முதலில் பொருளின் தரம். அட்டைகள் கெட்டியானவை, மூலைகளை உருட்டி வெட்டியிருக்கிறார்கள், வியர்வைக் கையோடு பிள்ளைகள் மாற்றி மாற்றி எடுத்தும் மை கலையவில்லை. எழுத்தளவு ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரமமின்றிப் படிக்கும்படி இருக்கிறது. பெட்டியின் மூடி மட்டும் மெலிந்தது, சீக்கிரம் ஓரம் கிழிந்துவிடும். சுவர்ப்படத்தை எட்டாக மடித்து வைத்திருப்பதால், மடிப்பு விழுந்த இடத்தில் 1776 என்ற ஆண்டே பாதி தேய்ந்துபோயிருந்தது. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் ஆண்டு அது; வேறு இடத்தில் மடித்திருக்கலாம்.

பெட்டியின் சிறந்த பகுதி அச்சுத்தொழில் பற்றிய அட்டைகள். சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து பிழைத்த ஒரு பாஸ்டன் குடும்பத்தில் 17 பிள்ளைகளில் 15ஆவதாகப் பிறந்தவர், 10 வயதில் பள்ளியை விட்டவர், 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தவர் என்று படிப்படியாகச் சொல்கிறார்கள். தம்பி எழுதினால் அண்ணன் போடமாட்டார் என்பதால், நடுவயது விதவை ஒருத்தியின் பெயரில் 14 கடிதங்கள் எழுதி, இரவில் அச்சகக் கதவின் அடியில் செருகிவிட்டு வந்த 1722ஆம் ஆண்டுக் கதையை எங்கள் பிள்ளைகள் மறுபடி மறுபடி படிக்கச் சொன்னார்கள். 1731இல் நண்பர்களோடு சந்தா கட்டி இரவல் நூலகம் தொடங்கியது, 1736இல் தீயணைப்புக் குழு அமைத்தது, 1737இல் பிலடெல்பியாவின் அஞ்சல் அதிகாரியானது, 1775இல் குடியேற்றங்களின் காங்கிரஸ் அவரை முதல் தலைமை அஞ்சல் அதிகாரியாக்கியது ஆகியவை எல்லாம் சரியான செய்திகள். விடுதலைப் பிரகடனம், 1778இல் பிரான்சோடு செய்த கூட்டணி உடன்படிக்கை, 1783இல் பிரிட்டனோடு செய்த பாரிஸ் உடன்படிக்கை, 1787இன் அரசியலமைப்பு ஆகிய நான்கிலும் கையொப்பமிட்ட ஒரே மனிதர் என்ற அட்டையும் சரியே.

இந்த இடத்தில் ஒரு சிறு ஆதங்கம். பிராங்க்ளின் ஏழெட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோதே இங்கே தரங்கம்பாடியில் தமிழ் எழுத்துகளைக் கோத்து அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அங்கே அச்சாயிற்று. தமிழ்நாட்டில் விற்கும் ஒரு பெட்டியில், அதுவும் அச்சுத்தொழிலை இவ்வளவு ஆசையோடு விவரிக்கும் பெட்டியில், இதற்கு ஓர் அட்டை ஒதுக்கியிருந்தால் பிள்ளைகளுக்குக் காலமும் தூரமும் ஒன்றாகப் புரிந்திருக்கும்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். 1723இல் 17 வயதில் அண்ணனிடமிருந்து ஓடிப்போன பிராங்க்ளின், பிலடெல்பியாவில் இறங்கி, மூன்று பெரிய ரொட்டிகளை வாங்கி, இரண்டை இரு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு ஒன்றைத் தின்றபடி தெருவில் நடந்தார் என்றும், பின்னாளில் மனைவியான டெபோரா அதை வாசலில் நின்று பார்த்துச் சிரித்தார் என்றும் ஓர் அட்டை சொல்கிறது. அழகான காட்சி. ஆனால் இதற்குச் சாட்சி பிராங்க்ளின் ஒருவர்தான். 1771இல், 65 வயதில், தன்வரலாறு எழுத உட்கார்ந்தபோது அவர் நினைவிலிருந்து எழுதியது இது. அந்தத் தன்வரலாறும் முடிவுபெறாதது. 1757ஐ ஒட்டிய காலத்தோடு அறுந்து நிற்கிறது. நம் உத்தமதானபுரத்து உ.வே.சா.வின் தன்வரலாறும் 1942இல் அவர் மறைந்தபோது பாதியில் நின்றதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொன்னது பொய்யாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. “பிராங்க்ளின் தம் நூலில் கூறுகிறார்” என்ற மூன்று நான்கு சொற்களை விடையோடு சேர்த்திருந்தால், செய்திக்கு யார் பொறுப்பு என்பதைப் பிள்ளை தெரிந்துகொள்ளும். இந்தப் பெட்டியில் அந்தச் சொற்கள் ஓர் அட்டையில்கூட இல்லை.

பிறந்த நாள் அட்டை இதற்கு நல்ல சான்று. விடையாக 1706 ஜனவரி 17 என்று மட்டும் இருக்கிறது. கையேட்டின் நான்காம் பக்கத்திலோ 1705 ஜனவரி 6 என்று இருக்கிறது. அச்சுப் பிழை என்று எண்ணிப் பிள்ளைகள் அதை அடிக்கப் போனார்கள், நான் தடுத்தேன். இரண்டும் சரி. அக்காலத்தில் பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தன. அதன்படி புத்தாண்டும் மார்ச் 25ஆம் நாள்தான் பிறந்தது. ஆகவே பாஸ்டனில் எழுதி வைத்த 1705 ஜனவரி 6, இன்றைய கணக்கில் 1706 ஜனவரி 17 ஆகிறது. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நேரம் வேறுபடுவதைக் கேட்டு வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவதில் ஒரு சிரமமும் இல்லை. 1752 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு 2ஆம் தேதிக்கு அடுத்த நாளை 14ஆம் தேதி என்று அறிவித்துப் புதிய நாட்காட்டிக்கு மாறியது. கையேட்டில் இதை நான்கு வரியில் எழுதியிருக்கலாம். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனைக் கும்பகோணத்திலேயே பிறந்தவராக எழுதும் கட்டுரைகளை நாம் பார்த்துப் பழகியவர்கள். ஓர் ஊரும் ஒரு தேதியும் எப்படிப் பிசகும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்காது.

மின்னலும் மின்சாரமா என்று அறிய அவர் பட்டம் பறக்கவிட்டதாகச் சொல்லும் அட்டைகள் ஐந்து. பெட்டியின் மூடியிலும் அதே படம்தான்: கொட்டும் மழையில் திறந்த வெளியில் நிற்கும் பிராங்க்ளின், பக்கத்தில் ஏழெட்டு வயதுச் சிறுவன், மேலே பட்டத்தைப் பிளக்கும் மின்னல், கயிற்றில் தொங்கும் சாவியிலிருந்து தெறிக்கும் பொறி. இந்தப் படத்தில் உள்ளவற்றில் பாதிக்கு மேல் ஆதாரத்தோடு ஒத்துவரவில்லை.

ஆதாரம் என்று நம்மிடம் இருப்பது என்ன என்று பார்ப்போம். மின்னலும் மின்சாரமே என்று சோதிக்க, உயரமான இடத்தில் கூரிய இரும்புக் கம்பியை நிறுத்தலாம் என்று யோசனை சொன்னவர் பிராங்க்ளின். அந்த யோசனைப்படி பாரிஸுக்கு அருகே மார்லி என்ற ஊரில் 1752 மே 10 அன்று தாலிபார் என்பவர் நிறுத்திய 40 அடிக் கம்பியிலிருந்து பொறி எடுத்துக் காட்டினார்கள். எனவே மின்னலின் இயல்பை முதலில் செய்கையில் நிறுவியது பிரான்சில் நின்ற கம்பியே ஒழிய பிலடெல்பியாவில் பறந்த பட்டமல்ல. பட்டச் சோதனை அதே ஆண்டு ஜூனில் நடந்ததாகக் கொள்ளப்படுகிறது. அதைப் பற்றிய செய்தி பிராங்க்ளினின் சொந்தப் பத்திரிகையிலேயே அக்டோபர் 19 அன்றுதான் வந்தது. அதிலும் தாம் பறக்கவிட்டதாக அவர் எழுதவில்லை. பிலடெல்பியாவில் இச்சோதனை வெற்றி பெற்றது என்று சொல்லிவிட்டு, பட்டுக் கைக்குட்டையைத் தேவதாருக் குச்சிகளில் கட்டுவது, உச்சியில் ஓரடி நீளக் கம்பி செருகுவது, கயிற்றின் அடியில் பட்டு நாடா கட்டுவது, நாடாவும் கயிறும் சேருமிடத்தில் சாவியைக் கோப்பது என்று செய்முறையை விவரித்தார். ஜூன் மாதம், கொட்டகை, உடனிருந்த மகன், விறைத்து நின்ற கயிற்று நார்கள் ஆகிய விவரங்கள் எல்லாம் 15 ஆண்டு கழித்து, 1767இல், பிராங்க்ளினின் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதிய மின்சார வரலாற்றில்தான் வருகின்றன. நாள் குறிப்பிடப்படவில்லை, மகனைத் தவிர வேறு சாட்சி இல்லை, நான்கு மாத மௌனத்துக்கு அவர் காரணமும் சொல்லவில்லை. இவற்றை வைத்து, பட்டமே பறக்கவில்லை என்று 2003இல் வெளிவந்த ஒரு நூல் வாதிட்டது. பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்கவில்லை. பிராங்க்ளின் அறிவியல் செய்திகளில் பொய் சொல்லும் வழக்கமுள்ளவர் அல்லர். பிரீஸ்ட்லி அவரிடமே கேட்டு எழுதியவர். செய்முறையும் செய்தால் பலிக்கக்கூடியது, 1753இல் பிரான்சில் டி ரோமா பட்டம் விட்டுப் பொறி எடுத்தும் காட்டினார். எனக்கும் அவர் செய்திருப்பார் என்றே தோன்றுகிறது. ஆனால் “நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்” என்பதும் “நடந்தது” என்பதும் வேறு வேறு விடைகள். போட்டியில் ஒரு மதிப்பெண்தான், ஒத்துக்கொள்கிறேன். நூலகத்தில் வைக்கும் பொருளுக்கு அந்த வேறுபாடு வேண்டும்.

படத்தின் மற்றப் பிழைகளில் ஐயத்துக்கே இடமில்லை. மின்னல் பட்டத்தைத் தாக்கவில்லை. தாக்கியிருந்தால் பிராங்க்ளின் அன்றே இறந்திருப்பார். மேகத்தில் தேங்கியிருந்த மின்னேற்றம் நனைந்த சணல் கயிற்றின் வழியே இறங்கிச் சாவியில் சேர்ந்தது. விரல் முட்டியை அருகே கொண்டுபோனபோது பொறி வந்தது, அவ்வளவுதான். “அப்படியென்றால் இடி விழவே இல்லையா சார்?” என்று ஏமாற்றத்தோடு கேட்டான் ஒரு பையன். அடுத்து, அவர் திறந்த வெளியில் நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. கையில் பிடித்திருந்த பட்டு நாடா நனையாமல் இருக்க வேண்டும் என்பதே ஏற்பாட்டின் உயிர்நிலை, ஏனென்றால் காய்ந்த பட்டுதான் மின்சாரத்தைக் கடத்தாது. திருபுவனத்தில் தறியடியில் வளரும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அட்டையிலோ பட்டு என்ற சொல்லே வரவில்லை. மூன்றாவதாக, அந்தச் சிறுவன். மகன் வில்லியம் அப்போது ஏறத்தாழ 21 வயது இளைஞர். அவரைச் சிறுவனாக்கியவர்கள் 19ஆம் நூற்றாண்டு ஓவியர்கள். 1876இல் அச்சாகிப் பரவிய வண்ணப்படத்தைப் பார்த்து மற்றவர்கள் வரைந்தார்கள், அவர்களைப் பார்த்து நம்மவர்களும் வரைகிறார்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வந்தது, எச்சரிக்கை ஒன்றும் இல்லாமல் “நீங்களும் ஒரு விஞ்ஞானி ஆகலாம்” என்ற வரியோடு பட்டம் செய்யும் முறையைக் கையேட்டில் கொடுத்திருப்பதைப் பார்த்தபோதுதான். கம்பியை வைத்து இதே போன்ற சோதனை செய்த ரிச்மன் என்ற அறிஞர் 1753இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மின்னலால் இறந்தார். ஐப்பசி மழையில் வயலில் நிற்பவர்கள் இடி தாக்கி இறந்த செய்தியை ஆண்டுதோறும் கேட்கும் ஊர் இது. நூலகப் பெட்டியில் உள்ள கையேட்டில் அந்தப் பக்கத்தை ஒட்டி மூடிவிட்டேன். வாங்குபவர்களும் அப்படியே செய்ய வேண்டுகிறேன்.

“மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர் யார்?” என்ற அட்டைக்கு பிராங்க்ளின் என்று விடை தந்திருப்பது முழுத் தவறு. உரசினால் ஈர்க்கும் பொருள்களைப் பழைய கிரேக்கர்களே அறிந்திருந்தார்கள். மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் லைடன் குடுவை அவர் ஆய்வில் இறங்குவதற்கு முன்பே, 1745ஐ ஒட்டி, வந்துவிட்டது. அவர் செய்தது வேறு, அதுவே பெரிது: மின்னேற்றம் உண்டாவதும் இல்லை, அழிவதும் இல்லை, ஓரிடத்தில் மிகுந்தால் இன்னோரிடத்தில் குறைகிறது என்று கண்டு, நேர், எதிர் என்று பெயரிட்டார். இடிதாங்கி அவருடையது என்ற அட்டை சரி. அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை என்பதும் சரி. இதை நடத்திக்கொண்டிருந்தபோது, நம் கோபுரக் கலசமே பழங்காலத்து இடிதாங்கி என்று கைப்பேசியில் வந்ததாக ஒரு மாணவி சொன்னாள். கலசத்திலிருந்து தரைக்குள் இறங்கும் கடத்திக் கம்பி இல்லாவிட்டால் அது இடிதாங்கி ஆகாது என்று அந்த அட்டையை வைத்தே விளக்க முடிந்தது. அந்த அளவில் அட்டை பயன்பட்டது.

வில்லியமின் தாய் யார் என்ற கேள்விக்கு டெபோரா என்று பெட்டி விடை சொல்கிறது. பிள்ளைகளுக்கான பொருள் என்பதால் சங்கடத்தைத் தவிர்த்திருக்கிறார்கள் என்று புரிகிறது, ஆனால் செய்தி அதுவல்ல. டெபோராவும் பிராங்க்ளினும் 1730 செப்டம்பரில் சடங்கில்லாமல் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள். டெபோராவின் முதல் கணவர் ஓடிப்போயிருந்தார், இறந்தாரா என்று தெரியவில்லை, எனவே முறைப்படி மணக்க வழியில்லை. அந்தக் காலத்தை ஒட்டிப் பிறந்த வில்லியம், பிராங்க்ளினின் மகனாக அந்த வீட்டில் வளர்ந்தார். தாயின் பெயர் இன்றுவரை நிறுவப்படவில்லை. 1764ஆம் ஆண்டுத் தேர்தலில் எதிரிகள் வீட்டு வேலைக்காரி ஒருத்தியைச் சுட்டித் துண்டறிக்கை போட்டார்கள். தேர்தல் துண்டறிக்கையை எவ்வளவு நம்பலாம் என்பதை நம் ஊர் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டெபோராவே தாயாக இருக்கலாம் என்று கருதிய ஆய்வாளர்களும் உண்டு. “தாய் யார் என்று உறுதியாகத் தெரியவில்லை” என்று எழுதினால் யார் மானமும் போகாது. அந்த மகன் நியூஜெர்சியின் ஆளுநராகி, மன்னர் பக்கம் நின்று, தந்தையோடு பிரிந்து, கடைசிவரை முழுச் சமாதானம் ஆகாமலே போனது எவ்வளவு பெரிய கதை! அதற்கு ஓர் அட்டையும் இல்லை.

இன்னொரு மகன் பற்றிய அட்டை பிழை மட்டுமல்ல, தீங்கும் கூட. நான்கு வயது பிரான்சிஸ் 1736இல் அம்மைத் தடுப்பு செய்துகொண்டதால் இறந்தான் என்று எழுதியிருக்கிறார்கள். அன்றே ஊரில் கிளம்பிய வதந்தி இது. அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்ததைத் தோலில் கீறிச் செலுத்தும் முறை அப்போது புதிது, மக்கள் அஞ்சினார்கள். மகனுக்கு அது செய்யப்படவே இல்லை, இயல்பாகத் தொற்றிய அம்மையில்தான் இறந்தான் என்று பிராங்க்ளின் உடனே தம் பத்திரிகையில் அறிவித்தார். செய்யாமல் விட்டதற்காகத் தன்வரலாற்றில் பல ஆண்டு கழித்தும் வருந்தினார். வதந்தியை மறுக்கத் தந்தையே எழுதியிருக்க, அந்த வதந்தியை 21ஆம் நூற்றாண்டில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விடையாகக் கொடுப்பதை நான் மன்னிக்கமாட்டேன். அந்த அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன்.

பொன்மொழி அட்டைகள் எட்டு. 1732 முதல் 1758 வரை அவர் வெளியிட்ட பஞ்சாங்கத்திலிருந்து எடுத்தவை என்கிறார்கள். முன்தூங்கி முன்னெழுவதைப் புகழும் வரி அதில் உண்டு, ஆனால் அதற்கு நூறாண்டு முந்தைய ஆங்கிலப் பழமொழித் தொகுப்பிலும் உண்டு. தன்னைத்தான் உதவிக்கொள்பவனுக்குத் தெய்வம் உதவும் என்பதும் முன்னோர் வாக்கே. அந்தப் பஞ்சாங்கத்தில் உள்ள அறிவில் பத்தில் ஒரு பங்குகூடத் தமதல்ல என்று அதன் கற்பனை ஆசிரியர் வாயாலேயே பிராங்க்ளின் சொல்ல வைத்திருக்கிறார். மனிதர் ஒளிக்கவில்லை; பின்னால் வந்தவர்கள்தான் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டினார்கள், நம் நாட்காட்டித் தாள்களில் எந்த நல்ல வரிக்கும் கீழே விவேகானந்தர் பெயரையோ கலாம் பெயரையோ போடுவதைப் போல. போட்டி பஞ்சாங்கக்காரரான டைட்டன் லீட்ஸ் 1733 அக்டோபர் 17 அன்று இறப்பார் என்று கணித்து, அந்த நாள் கடந்து அவர் உயிரோடு சண்டைக்கு வந்தபோதும் இறந்துவிட்டார் என்றே சாதித்த குறும்பைச் சேர்த்திருந்தால் எட்டுப் பொன்மொழிகளையும் விடச் சுவையாக இருந்திருக்கும்.

மற்ற அட்டைகளின் பிழைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அவர் அமெரிக்க ஜனாதிபதியாக ஒருநாளும் இருந்ததில்லை. 1785 முதல் 1788 வரை பென்சில்வேனிய மாநில நிர்வாகக் குழுவுக்குத் தலைவராக இருந்தார், நூறு டாலர் நோட்டில் படம் இருப்பது வேறு காரணத்தால். வான்கோழியைத் தேசியப் பறவையாக்க அவர் முன்மொழியவில்லை. 1784இல் மகளுக்கு எழுதிய கடிதத்தில், போர்வீரர் சங்கம் ஒன்றின் பதக்கத்தில் இருந்த கழுகைக் கிண்டல் செய்து, வான்கோழி மேலானது என்றார். 1776இல் நாட்டின் முத்திரையை வடிவமைக்கும் குழுவில் அவர் முன்வைத்தது செங்கடலைப் பிளந்த மோசேயின் காட்சி. கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளும் யோசனையும் அவருடையதல்ல. பாரிஸ்காரர்கள் சீக்கிரம் எழுந்தால் மெழுகுவர்த்திச் செலவு மிச்சமாகும் என்று 1784இல் பத்திரிகைக்கு எழுதிய நையாண்டிதான் அப்படித் திரிந்தது. இரட்டைக் குவி மூக்குக்கண்ணாடியை 1784இல் கண்டுபிடித்தார் என்ற அட்டையில், ஆண்டுக்கு ஆதாரம் இல்லை. 1785 மே மாதக் கடிதத்தில் அதைத் தம் கண்டுபிடிப்பாகவே மகிழ்ந்து குறிப்பிடுகிறார். பிரான்சில் விருந்தில் உட்கார்ந்தால் தட்டில் இருப்பதும் எதிரில் பேசுபவரின் முகமும் ஒருங்கே தெரிவதால் பிரெஞ்சு நன்றாகப் புரிகிறது என்கிறார். அவருக்கு முன்பே லண்டனில் சிலர் அணிந்திருக்கலாம் என்று நினைக்கும் ஆய்வாளர்களும் உள்ளனர்.

“மர்மம்” என்று சிவப்பு எழுத்தில் ஓர் அட்டை இருக்கிறது: லண்டனில் அவர் வாழ்ந்த வீட்டின் அடியில் மனித எலும்புகள், கொலையா? இதைக் கண்டதும் பிள்ளைகள் மற்ற அட்டைகளைக் கீழே போட்டுவிட்டார்கள். கிராவன் தெருவில் உள்ள அந்த வீட்டைப் பழுதுபார்த்தபோது 1998இல் எலும்புகள் கிடைத்தது உண்மை. வீட்டுக்காரியின் மருமகன் வில்லியம் ஹியூசன் அங்கே உடற்கூறியல் பள்ளி நடத்தினார். அறுத்துப் பார்த்த உடல்களின் மிச்சம் அவை என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். விளக்கம் தெரிந்தே கேள்விக்குறியோடு நிறுத்தியிருப்பதாக எனக்குச் சந்தேகம். மற்ற அட்டைகளில் ஐயம் இருக்க வேண்டிய இடத்தில் உறுதி. இங்கே உறுதி இருக்கும் இடத்தில் ஐயம்.

அடிமை முறை பற்றிப் பெட்டியில் ஒரு சொல்லும் இல்லை. பிராங்க்ளினின் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவர் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன, காசும் வந்தது. 1757இல் அவரும் வில்லியமும் லண்டன் போனபோது பீட்டர், கிங் என்ற இருவரை உடன் கொண்டுபோனார்கள். கிங் அங்கே தப்பி ஓடினார். அதே பிராங்க்ளின் 1787இல் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார்; 1790 பிப்ரவரியில் அடிமை முறையை ஒழிக்கக் கோரும் மனு அவர் கையொப்பத்தோடு காங்கிரஸுக்குப் போயிற்று. ஏப்ரல் 17 அன்று 84 வயதில் இறந்தார். இந்த இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்வதில் விவாதத்துக்கு இடமில்லை, ஆவணம் இருக்கிறது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு 1952 வரை காத்திருந்த தஞ்சை மண்ணில், பெரிய மனிதர் வீட்டுக் கொல்லையில் யார் நின்றார்கள் என்று கேட்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. எங்கள் குழுவில் அந்தக் கேள்வி வந்தபோது பெட்டியிலிருந்து எடுத்துக் காட்ட என்னிடம் ஓர் அட்டையும் இல்லை.

எங்கள் பெட்டியில் இப்போது அட்டைகளின் பின்புறம் பென்சிலால் குறி இட்டு வைத்திருக்கிறோம்: ஆவணம் உள்ளதற்கு ஒரு கோடு, அவர் வாய்மொழி மட்டும் உள்ளதற்கு இரண்டு, பிற்காலக் கட்டுக்கதைக்குப் பெருக்கல் குறி. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பிழை கண்டால் எழுதும்படி முகவரி தந்திருக்கிறார்கள். மேலே சொன்னவற்றை அட்டை எண்ணோடு எழுதி அனுப்பியிருக்கிறேன். ஏழாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு, கூட ஒரு பெரியவர் இருந்தால், இந்தப் பெட்டியை வாங்கலாம்; சின்னப் பிள்ளைகளிடம் தனியாகக் கொடுக்க வேண்டாம். அச்சுத்தொழில் அட்டைகள் மட்டும் போதும் என்பவர்களுக்கு அவற்றைத் தனியாகத் தரமாட்டார்கள்; சுவர்ப்படம் மட்டும் தனியே 60 ரூபாய்க்குக் கிடைக்கிறது, சுருட்டித் தரச் சொல்லி வாங்குங்கள்.